தண்ணீரில் தோய்த்த வெண்கலம்

என் ஆச்சியின் வெண்கலக் கும்பாவை உடைத்தவன் நான்தான். கை தவறிக் கீழே போட்டு உடைத்திருந்தால்கூட மனசு இவ்வளவு கனத்திருக்காது. இருபது வருடமாக உலோகவியலை வைத்தே பிழைப்பு நடத்துகிற ஒருவன், புத்தகத்தில் படித்தபடி, வெப்பநிலையெல்லாம் ஒழுங்காக அளந்து, முறைப்படி உடைத்தேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் இன்று எழுத நினைத்த விஷயத்துக்கு வர முடியும். விஷயம் என்னவென்றால், ஃபேஸ் டயாகிராம். இன்ஜினியரிங் படித்தவர்கள் ஓடிவிட வேண்டாம். படிக்காதவர்களும் ஓட வேண்டாம். சமையலறையில் தொடங்கி ஆதிச்சநல்லூர் வரை போய்வரப் போகிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குக் கும்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வாய் அகன்ற, குழிந்த கிண்ணம். பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடத் தோதானது. ஆச்சியின் கும்பா மெல்லியது. விரல் நகத்தால் சுண்டினால் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் எழுந்து, அடங்க வெகுநேரம் ஆகும். சின்ன வயதில் அதைச் சுண்டிச் சுண்டியே அடி வாங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அதை எனக்குக் கொடுத்து அனுப்பினாள். ஜார்க்கண்டில் சில வருடம், பிறகு இங்கே ஒரிசாவில் புவனேஸ்வரம் என்று எங்களோடு அதுவும் ஊர் ஊராக வந்தது. (மாநிலத்தின் பெயர் 2011இல் ஒடிசா ஆகிவிட்டது. எனக்கு இன்னும் வாயில் ஒரிசாதான் வருகிறது.)

கடைசியாக வீடு மாற்றியபோது லாரியில் ஏதோ கனமான பெட்டி மேலே உட்கார்ந்து, கும்பாவின் விளிம்பு ஒரு பக்கம் லேசாக ஒடுங்கிவிட்டது. தட்டிச் சரி செய்யலாம் என்று நினைத்தேன். அப்படியே தட்டினால் விரிசல் விடும் என்ற பயமும் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு. இரும்பில் எங்களுக்குப் பாலபாடம் இது: எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், நொறுங்கும் தன்மையும் கூடும். அதையே உலையோடு சேர்த்து மெல்ல ஆறவிட்டால் மிருதுவாகும், அடித்தால் வளையும். ஆகவே கும்பாவை வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய், சின்ன மின் உலையில் 700 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, உலையை அணைத்துவிட்டு, இரவு முழுக்க அதற்குள்ளேயே ஆறவிட்டேன். காலையில் எடுத்து மரச்சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டில் கும்பா மண்சட்டி மாதிரி நான்கு துண்டாகிவிட்டது.

அந்தத் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலகாட்டிக்குப் போனேன். புவனேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். வெண்கல, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போனது. இங்கே வெண்கலத்துக்கு 'கன்சா' என்று பெயர், அதைச் செய்பவர்கள் கன்சாரிகள். பட்டறையில் வயதானவர் ஒருவர் இருந்தார். இங்கே வயதில் பெரியவர்களை 'மௌசா' என்று அழைப்பது வழக்கம், நம் ஊரில் சித்தப்பா பெரியப்பா என்று கூப்பிடுவது மாதிரி. என் அரைகுறை ஒடியாவில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு துண்டை எடுத்து உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்.

"தண்ணியில போட்டீங்களா?"

"இல்ல மௌசா. மெதுவா ஆறவிட்டேன்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த 'அதான்' என்ற ஒரு சொல்லுக்குள் இருப்பதை விளக்கத்தான் உலகத்தின் பெரிய மூளைகள் முப்பது வருடம் பாடுபட்டன. அந்த வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன்.

*

முதலில் 'ஃபேஸ்' என்றால் என்ன? வீட்டில் உருக்கிய நெய்யை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது முழுக்கத் தெளிந்த திரவம். அது ஒரு ஃபேஸ். ஆற ஆற அதற்குள் மணல் மணலாகக் குருணை கட்டும். இப்போது பாத்திரத்துக்குள் திரவம் ஒன்று, திடம் ஒன்று என இரண்டு ஃபேஸ்கள் சேர்ந்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லை உண்டு, இரண்டின் சேர்மானமும் ஒன்றல்ல. அதே நெய்யைச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். குருணை தெரியாமல் வழவழவென்று உறைந்துவிடும். பொருள் ஒன்றுதான். ஆறிய வேகம் வேறு, அதனால் உள்ளே இருக்கும் அமைப்பும் வேறு.

உலோகக் கலவைகளிலும் இதுவேதான் நடக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உலோகம் உறைந்து கல்லாகிவிட்ட பிறகும் உள்ளே மாற்றம் நிற்பதில்லை. அணுக்கள் திடத்துக்குள்ளேயே மெல்ல இடம் மாறி, ஒரு ஃபேஸ் இன்னொன்றாகப் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்தச் சேர்மானத்தில், இந்த வெப்பநிலையில், போதுமான நேரம் கொடுத்தால் கடைசியில் எந்தெந்த ஃபேஸ்கள் மிஞ்சும் என்று காட்டும் படம்தான் ஃபேஸ் டயாகிராம். இனி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் மாறாது என்ற அந்தக் கடைசி நிலைக்குப் பெயர் சமநிலை. படத்தில் கிடைமட்டமாகச் சேர்மானம், செங்குத்தாக வெப்பநிலை. மற்றதெல்லாம் எல்லைக்கோடுகள். ஒரு தேசப்படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படம் வரையலாம் என்பதற்கே அடிப்படை போட்டவர் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ். அமெரிக்காவில் யேல் கல்லூரியில் 1871இல் கணித இயற்பியல் பேராசிரியர் ஆனார். முதல் ஒன்பது வருடம் சம்பளம் கிடையாது. அந்தக் காலத்தில்தான், 1876க்கும் 1878க்கும் இடையில், 300 பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு கட்டுரையை இரண்டு பகுதிகளாகக் கனெக்டிகட் அகாதமியின் இதழில் வெளியிட்டார். வெளியூரில் அதிகம் பேர் படிக்காத இதழ் அது. கட்டுரை முழுக்கக் கணிதம். அதன் அருமை தெரிந்த சிலரில் ஒருவர் இங்கிலாந்தில் இருந்த மேக்ஸ்வெல். கிப்ஸின் அதற்கு முந்தைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் சொன்ன வளைபரப்பைத் தன் கையாலேயே களிமண்ணில் வடித்து, அதன் சுண்ணாம்பு அச்சு ஒன்றைக் கிப்ஸுக்கு அனுப்பிவைத்தவர்.

அந்தப் பெரிய கட்டுரையில் ஒரு சின்ன விதி இருந்தது. ஃபேஸ் விதி. உலோகங்களுக்கு ஏற்றபடி, காற்றழுத்தம் மாறாது என்று வைத்துக்கொண்டால், அது இவ்வளவுதான்: கலவையில் உள்ள உலோகங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, ஃபேஸ்களின் எண்ணிக்கையைக் கழித்தால், நமக்கு மிஞ்சும் சுதந்திரம் எவ்வளவு என்று தெரியும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தில் உலோகம் இரண்டு. (வெள்ளீயம் என்பது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அது. காரீயம் வேறு.) இரண்டும் ஒன்றும் மூன்று. ஒரே நேரத்தில் மூன்று ஃபேஸ்கள் கூடி இருந்தால் மூன்றில் மூன்று போய்ச் சுதந்திரம் பூஜ்யம். அதாவது, அந்த மூன்றும் கூடுவது ஒரே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான். ஒரு டிகிரி கூடவும் முடியாது, குறையவும் முடியாது. எந்த ஃபேஸ் டயாகிராமைப் பார்த்தாலும் நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கிடைமட்டக் கோடுகள் தெரியும். அவையெல்லாம் இந்த விதியின் பிள்ளைகள்.

கிப்ஸின் விதியைக் காகிதத்திலிருந்து சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தவர் ஹாலந்துக்காரரான பாக்ஹுயிஸ் ரூஸபோம். 1880களில் அவர் தன் சோதனைகளின் முடிவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் அவருக்குக் கிப்ஸின் விதியை எடுத்துக்காட்டினார். பிறகு வாழ்நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டார் ரூஸபோம்.

இன்னொரு பக்கம், சோதனைக் கருவிகளும் அப்போதுதான் கைக்கு வந்தன. 1860களில் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி எஃகை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உலோகத்துக்கும் உள்ளமைப்பு உண்டு என்பது கண்ணால் தெரிந்தது. 1880களின் பிற்பகுதியில் பிரான்ஸில் லெ ஷாட்லியே உலைக்குள் வைத்து நம்பிக்கையாக அளக்கக்கூடிய தெர்மோகப்பிளை உருவாக்கினார். லண்டன் நாணயச் சாலையில் வேதியியலாளராக இருந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டன் இதையெல்லாம் வைத்து 1897இல் இரும்பு-கார்பன் படத்தை வரைந்தார், 1899இல் திருத்தினார். அடுத்த வருடமே ரூஸபோம் அதைக் கிப்ஸின் விதிப்படி சரிபார்த்தார். நம் பிள்ளைகள் இன்றும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற இரும்பு-கார்பன் படத்தின் பூர்வீகம் இதுதான். அவர்கள் படிக்கும் 'ஆஸ்டினைட்' என்ற பெயர் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் நினைவாக வைத்தது.

*

என் கும்பாவுக்கான படத்தை வரைந்தவர்கள் வேறு இரண்டு பேர். கேம்பிரிட்ஜில் சிட்னி சஸெக்ஸ் கல்லூரியின் சோதனைச்சாலையில் சேர்ந்து வேலை செய்த சார்லஸ் ஹேகாக், ஃபிரான்சிஸ் நெவில். செம்பு-வெள்ளீயக் கலவைகளைப் பற்றி 1903இல் ராயல் சொசைட்டியில் அவர்கள் நிகழ்த்திய பேக்கரியன் சொற்பொழிவு, உலோகவியலில் ஒரு மைல்கல் என்றே சொல்வார்கள்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். ஒரு கலவையை உருக்கி மெல்ல ஆறவிட்டு, பிளாட்டினம் வெப்பமானியை வைத்து வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருப்பது. சீராக இறங்கிக்கொண்டிருக்கும் வெப்பநிலை திடீரென்று ஓரிடத்தில் தயங்கி நிற்கும். உள்ளே ஏதோ ஒரு மாற்றம் நடந்து, வெப்பம் வெளியேறுகிறது என்று அர்த்தம். உருகிய உலோகம் உறையும்போது இப்படி நிற்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் முழுக்க உறைந்து திடமான பிறகும் வெண்கலம் மறுபடி மறுபடி நின்றது. அந்த இடத்தில் என்ன மாறுகிறது? ஆறிய பிறகு வெட்டிப் பார்த்தால் தெரியாது. ஆறி முடிப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டிருக்கும். 700 டிகிரியில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறை வெப்பநிலையில் எப்படிப் பார்ப்பது?

அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கலவையை நிலைக்க வைத்து, சட்டென்று தண்ணீரில் போட்டுவிடுவது. அணுக்களுக்கு இடம் மாற நேரம் கொடுக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருப்பவனை நின்ற இடத்திலேயே ஃபோட்டோ பிடிக்கிற மாதிரி. பிறகு வெட்டி, மெருகேற்றி, அரித்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இப்படிச் சேர்மானத்தை மாற்றி மாற்றி, வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்த்து, அந்தப் படத்தின் எல்லைக்கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சமநிலை என்னவென்று கண்டுபிடிக்க அவர்கள் செய்ததும், பாலகாட்டி மௌசா கேட்டதும் ஒரே காரியம்தான். தண்ணியில போட்டீங்களா?

*

இப்போது அந்தப் படத்தில் என் கும்பா நடந்த பாதையைப் பார்ப்போம். உடைந்த துண்டு ஒன்றை ஆய்வுக்குக் கொடுத்திருந்தேன். 22 சதவீதம் வெள்ளீயம், மிச்சம் செம்பு.

இந்தச் சேர்மானத்தை உருக்கி ஆறவிட்டால், முதலில் 'ஆல்ஃபா' என்ற ஃபேஸ் தோன்றும். செம்புக்குள் வெள்ளீயம் கரைந்த திடம் அது. மிருதுவானது, அடித்தால் நீளும். 798 டிகிரிக்கு வந்ததும் 'பீட்டா' என்ற இன்னொரு ஃபேஸ் உருவாகும். அந்தச் சூட்டில் பீட்டாவும் நன்றாக அடிபடும். கன்சாரிகள் பாத்திரத்தைச் சுத்தியால் அடித்து விரிப்பது இந்த எல்லைக்குள்தான், உலோகம் சிவந்திருக்கும்போதுதான். நிறம் மங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வைத்துவிடுவார்கள். ஏனென்றால் 586 டிகிரிக்குக் கீழே பீட்டா நிலைக்காது. அது பிரிந்து 'காமா' என்ற இன்னொன்று வரும். 520 டிகிரியில் அந்தக் காமாவும் பிரிந்து ஆல்ஃபாவும் 'டெல்டா'வும் ஆகும்.

வில்லன் இந்த டெல்டாதான். வெளிறிய நீலச்சாயல் கொண்ட, மிகக் கடினமான, கண்ணாடி மாதிரி நொறுங்கும் பொருள். எவ்வளவு டெல்டா வரும் என்பதைப் படத்திலிருந்தே கணக்குப் போடலாம். 520 டிகிரியில் ஆல்ஃபா தாங்கக்கூடிய வெள்ளீயம் 15.8 சதவீதம். டெல்டாவில் இருப்பது 32.6. என் கும்பா 22. தராசுக் கணக்குதான்: 22க்கும் 15.8க்கும் உள்ள தூரத்தை, 32.6க்கும் 15.8க்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 37 சதவீதம். அதாவது நான் இரவு முழுக்கப் பொறுமையாக ஆறவிட்ட கும்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நொறுங்கும் டெல்டா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆல்ஃபா தீவுகளைச் சுற்றி டெல்டா கலந்த வலை. சுத்தி பட்டால் விரிசல் அந்த வலை வழியே ஓட வேண்டியதுதானே.

சிவக்கச் சிவக்க இருக்கும்போதே தண்ணீரில் தோய்த்திருந்தால்? பீட்டாவுக்குப் பிரிய நேரம் கிடைத்திருக்காது. டெல்டா பிறந்திருக்காது. பீட்டா, ஊசி ஊசியான ஒரு புது அமைப்பாக மாறி அப்படியே உறைந்திருக்கும். ஆல்ஃபா அளவுக்கு மிருதுவாக இருக்காதுதான். ஆனால் டெல்டாவைப் போல நொறுங்காது. மெல்லிய கிண்ணம் தினசரிப் புழக்கத்தைத் தாங்கும். நிறம் பொன் மாதிரி, சுண்டினால் மணி ஓசை.

எஃகைத் தண்ணீரில் முக்கினால் நொறுங்கும். இந்த வெண்கலத்தைத் தண்ணீரில் முக்காவிட்டால் நொறுங்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றே: சமநிலைக்குப் போகும் பயணத்தை நடுவழியில் நிறுத்துவது. எங்கே நிறுத்துகிறோம், போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகிறது. இரும்பில் படித்த பாடத்தை வெண்கலத்துக்குப் போட்டது என் தப்பு. படம் அலமாரியில் இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

கோவில் மணியும் ஏறக்குறைய இதே கலவைதானே, அதை வார்த்து மெல்லத்தானே ஆறவிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குள் டெல்டா உண்டு. அந்தத் தடிமனுக்கு அது தாங்குகிறது. ஆனாலும் பழைய மணிகளில் விரிசல் விட்டவை எத்தனை!

*

சரி, படம் வருவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடித்தது யார்? பெயர் தெரியாத மனிதர்கள். நம் ஆட்களும் அதில் உண்டு.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு கிடைத்த இரும்பு, வெண்கலப் பொருட்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சின்ன வயதில் பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசன் தென்னிந்திய வெண்கலங்களை ஆராய்ந்தவர். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் சிலவற்றில், வெள்ளீயம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதையும், அவை சூட்டோடு அடித்துத் தண்ணீரில் தோய்க்கப்பட்டவை என்பதையும் காட்டினார். உள்ளே அந்த ஊசி அமைப்பு அப்படியே இருந்தது. கேரளத்தில் சில பட்டறைகளில் அதே முறையில் கிண்ணம் செய்வது 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடந்ததையும் அவரும் இயன் குளோவரும் 1990களில் பதிவு செய்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அந்தப் பீட்டா பிரிந்து சமநிலைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் படம் சொல்கிறது. ஆனால் அறை வெப்பநிலையில் அணுக்களால் நகர முடியாது. படம் போகும் திசையைச் சொல்லும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்லாது. இதே செம்பு-வெள்ளீயப் படத்தில் 350 டிகிரியில் இன்னொரு கோடு உண்டு. அங்கே டெல்டாவும் பிரிந்துவிட வேண்டும். சாதாரணமாக வார்த்த எந்த வெண்கலத்திலும் அது நடந்து முடிவதில்லை. அவ்வளவு மெதுவான மாற்றம் அது. நாம் கையில் எடுக்கிற வெண்கலம் எல்லாமே, ஏதோ ஓர் இடத்தில் நடை நின்றுபோனதுதான்.

தண்ணீரில் தோய்க்காத வெண்கலத்துக்கும் பழைய சாட்சி இருக்கிறது. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதாக ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்: இந்தியர்கள் அடித்துச் செய்யாத, வார்த்த வெண்கலப் பாத்திரங்களைப் புழங்குகிறார்கள், கீழே விழுந்தால் மண்பாண்டம் போல உடைகின்றன என்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆச்சியின் கும்பாவுக்கு நடந்ததை அவன் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறான்.

வில்லன் என்று சொன்ன டெல்டாவையும் நம் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடி கேள்விப்பட்டிருப்பீர்கள். உலோகத்தால் ஆன முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் வெள்ளீயம் சுமார் 33 சதவீதம். டெல்டாவின் 32.6ஐ அப்படியே தொட்டுக்கொண்டு நிற்கிற கணக்கு. அதாவது கண்ணாடி முழுக்கவே கிட்டத்தட்ட டெல்டாதான். கடினம் என்பதால் அவ்வளவு மெருகு ஏறுகிறது. கீழே போட்டால் உடையும், அதனால் மெல்லிய தகடாக வார்த்து ஒரு சட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கைவினைஞர்களின் முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோவில் வேலைக்காக வந்தவர்கள் என்று ஒரு மரபுக்கதை உண்டு.

இவர்களிடம் வெப்பமானி கிடையாது. தீயின் நிறம்தான் அளவு. பாலகாட்டிப் பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வெயில் உள்ளே வந்தால் சிவப்பின் சாயல் தெரியாது. மங்கிய சிவப்புக்கும் நல்ல சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் 586 டிகிரிக் கோடு இருக்கிறது. படம் அவர்கள் கண்ணில் இருந்தது, காகிதத்தில் இல்லை. அதற்காக 'எல்லாம் அந்தக் காலத்திலேயே நமக்குத் தெரியும்' என்று மார்தட்டவும் நான் தயாரில்லை. மௌசாவுக்குத் தன் கலவை தெரியும். வெள்ளீயம் பத்து சதவீதம் ஆனால் என்ன ஆகும், கூடவே துத்தநாகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஹேகாக், நெவில் போன்றவர்கள் தொடங்கிவைத்த படங்கள்தான் சொல்லும். புதுக் கலவையில் கை வைப்பவனுக்குப் படம் வேண்டும். தன் கலவையில் வாழ்நாளைக் கழித்தவரிடம் கேட்கும் பணிவும் வேண்டும். என்னிடம் அன்று இரண்டாவது இல்லை. முதலாவதை எடுத்துப் பார்க்கும் பொறுமையும் இல்லை.

*

துண்டுகளை மௌசாவிடமே கொடுத்தேன். அவருக்கு அது ஒன்றும் புதிதில்லை. பழைய கன்சாவை எடைக்கு எடுத்து உருக்குவது அவர்களுக்கு அன்றாடம். இதை வேறு எதனோடும் கலக்காமல் தனியாக உருக்கித் தர முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு சரி என்றார். அன்று கூடவே இருந்தேன். உருக்கி, வட்டமாக வார்த்து, காய்ச்சிக் காய்ச்சி மூன்று பேர் மாறி மாறி அடித்தார்கள். ஒருவர் இடுக்கியால் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் சிவந்த கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீரில் போட்டபோது எழுந்த அந்தச் 'சுர்'ரென்ற சத்தத்தை இரும்பாலையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன்.

கிண்ணம் பழையதைவிடச் சற்றுச் சின்னதாகிவிட்டது. உருக்கியதிலும் சுரண்டியதிலும் கொஞ்சம் போயிருக்கும். வடிவமும் ஒரிசா வடிவம், கும்பா என்று சொல்ல முடியாது.

அந்த வருடம் பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாள். மறைக்கவில்லை, நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். டெல்டா வரைக்கும் விளக்கினேன். அம்மா கிண்ணத்தைக் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். சத்தம் அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டாள்.

"சத்தம் ஆச்சி கும்பா சத்தந்தாம்யா" என்றாள். பிறகு, "இனிமே இத அடுப்புப் பக்கம் கொண்டு போயிராத" என்று சொல்லிவிட்டு, அதில் எனக்குப் பழைய சோறு பிசைந்து வைத்தாள்.